மைக்ரோப்ராசெசருக்கு எத்தனை தட்டு?

என் அசட்டுத்தனம் ஒன்றை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்; வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது மேல். போன மாதம் ஒரு மடிக்கணினி வாங்கப் போனேன். கடைப் பையன் அதன் அருமைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் 'ப்ராசெசர்' என்று சொல்லும்போதெல்லாம், முன்னால் ஒரு 'மைக்ரோ'வை நானே மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன். என் வலது கை என்னைக் கேட்காமலே தொடையில் தட்டத் தொடங்கியது. ஒன்றிரண்டு தட்டல்ல, முழு ஆவர்த்தனம். பையன் பேச்சை நிறுத்திவிட்டான்.

"கொசுவா ஆன்டி? ஏர்கான் கடைக்குள்ள கொசு வராதே."

"ஆமா தம்பி, கொசுதான்" என்று சொல்லி, அங்கே இல்லாத ஒரு கொசுவை மிகுந்த கவனத்தோடு அடித்துக் கொன்றுவிட்டு வெளியே வந்தேன். ஐம்பதைத் தாண்டியாயிற்று. நாலு புத்தகம் படித்தவள் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களும் சிலர் இருக்கிறார்கள். மடிக்கணினி வாங்கவில்லை.

அந்தக் கொசுவின் பூர்வீகம் என் வயதுக்காரர்களான உங்களுக்குத்தான் புரியும். தீவின் தெற்கே கிலாங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்த காலம் நினைவிருக்கிறதா? தொழிற்சாலை என்று பாடப்புத்தகத்தில் எழுதுவோம், வீட்டில் கிலாங் என்போம். நாம் பல் துலக்குவதற்குள் கிலாங் பஸ் கீழே வந்து ஹாரன் அடிக்கும். நம் அக்காமார்களும் சித்திமார்களும் ஈரத்தலையோடு படியிறங்கி ஓடுவார்கள். படிக்கட்டு முழுவதும் முகப்பவுடர் வாசனை மிதக்கும்.

எங்கள் வீட்டிலிருந்து ஓடியவள் சின்னம்மா, அம்மாவின் தங்கை. ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெளிர்நீல மேலங்கி ஒன்று அவளிடம் இருந்தது. அதை மற்றத் துணிகளோடு ஊறவைக்கக்கூடாது, நாங்கள் தொடக்கூடாது. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் கைகளை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். வெயில் வழியாக வந்தும் அந்த விரல்கள் ஜில்லென்று இருக்கும். கம்ப்யூட்டர் கிலாங்கின் குளிரை எங்கள் மாடியில் முதலில் தொட்டுப் பார்த்தவள் நான்தான்.

அந்தக் காலத்தில் கிலாங்குகளுக்கெல்லாம் ஒரு காய்ச்சல் பிடித்திருந்தது. குவாலிட்டி சர்க்கிள் என்று பெயர். நாலைந்து தொழிலாளிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, தங்கள் பகுதியில் என்ன குறை என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்து, பிறகு மேடையேறிப் பெரிய முதலாளிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். சின்னம்மாவின் குழுவில் நாலு பெண்கள். மூன்று பேர் மலாயில் பேசுவதாக ஏற்பாடு. வெள்ளைக்கார முதலாளி வருவதால் தொடக்கம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். சீட்டுக் குலுக்கினார்கள். சின்னம்மா பெயர் வந்தது.

தொடக்கம் என்றால் இரண்டே வாக்கியம். எழுதிக் கொடுத்தவர் அங்கே வேலை பார்த்த சீன டெக்னீஷியன். காலை வணக்கம், எங்கள் குழு இந்தப் பகுதியைச் சேர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பகுதியின் பெயரில் மைக்ரோப்ராசெசர் என்ற சொல் குறுக்கே படுத்திருந்தது.

"மைக்ரோ... பெரஸ்... ப்ரொ... ஐயோ, சூசாலா இது, வாயிலயே நுழையல" என்று சின்னம்மா தாளை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதை என்னிடம் தள்ளிவிட்டாள். நான்காம் வகுப்பில் ஆங்கிலத்துக்குப் பரிசாகப் பென்சில் பெட்டி வாங்கியவள் நான். அந்தத் தகுதி எனக்கே போதுமானதாகத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் ஓர் ஆங்கில அகராதி இருந்தது. சவுராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகம் விற்பவரிடம் அப்பா வாங்கியது. முன்னட்டை கிடையாது. பக்கங்களில் ஈரமும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை. இன்று அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த வாசனை மட்டும் என்னோடு வீடு மாறி வருகிறது. அதில் மைக்ரோப்ராசெசர் இல்லை. அகராதி அச்சானபோது அப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை. நான் அசரவில்லை. நுண்ணோக்கிக்கான சொல்லிலிருந்து தலையை எடுத்தேன். வேறொரு சொல்லிலிருந்து உடம்பு, இன்னொன்றிலிருந்து வால். ஒட்டிவிட்டேன்.

அந்த அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கு நடுவிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்திருந்தார்கள். பள்ளியில் மலாய் வாசிக்க அசை அசையாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ரு என்று நிறுத்தி, மா என்று நிறுத்தி, பிறகு ரூமா என்று சேர்த்து வீட்டுக்குள் நுழைவோம். ஆகவே புள்ளிக்குப் புள்ளி நின்று மூச்சு விட வேண்டும் என்று நானே முடிவு கட்டினேன். வளர்ந்து, ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது: அந்தப் புள்ளிகள் பேசுகிறவருக்காக வைத்தவை அல்ல. வரி முடிகிற இடத்தில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று அச்சுக் கோப்பவருக்குக் காட்டுபவை. தெரிந்த அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எது எப்படியோ, என் கணக்கில் ஐந்து. மை, க்ரோ, ப்ரா, செ, ஸர். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு, ஒரு நிறுத்தம். சின்னம்மா தட்டினாள், நின்றாள், தட்டினாள், நின்றாள். எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற பஸ் மாதிரி அந்தச் சொல் போயிற்று.

அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. யாப்பிலக்கணம் அவருக்கு வெற்றிலை மாதிரி, சாப்பிட்டதும் கொஞ்சம் போட்டுக்கொள்வார். ஈசிச்சேரில் இருந்தபடியே கை நீட்டித் தாளை வாங்கினார்.

"அஞ்சு எப்படி வரும்? மைக் நேர். ரோப் நேர். ரா நேர். செசர் நிரை. நாலு அசைதான். தேமாந்தண்ணிழல்!" என்று எழுந்து உட்கார்ந்தார். "பாரேன், வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச சாமான் நம்ம வாய்பாட்டுல எப்படி அழகா உக்காருது. தேமாந்தண்ணிழல்!"

"மேடையில அதைச் சொல்லவா அத்தான்?" என்றாள் சின்னம்மா.

"அதைச் சொல்லாதே. மனசுல வச்சுக்கோ. தானா வரும்."

வரவில்லை. ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் சின்னம்மாவின் நாக்கு சிக்கிக்கொண்டது. அம்மா மட்டும் நடைமுறை தெரிந்தவள். "நாலுலயே முடிச்சிடு. சீக்கிரம் கீழ இறங்கிடலாம்" என்றாள்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா படியேறி வந்தார். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அண்ணன். கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் வீடு, ஜுருவில் கார்ப் பட்டறை. ஞாயிறுதோறும் ஃபெர்ரி ஏறி வந்து எங்கள் வீட்டு விவகாரங்களைத் தீர்த்துவிட்டுப் போவார். பட்டறைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு மெல்லப் பேசுவதே மறந்துபோயிருந்தது. தைப்பூசத்தில் அவர்கள் வட்டாரத்துக் காவடிகள் தண்ணீர்மலைக்குப் போகும்போது முன்னால் நின்று 'வேல் வேல்' என்று குரல் எடுப்பவரும் அவர்தான். அன்றைக்கு அவர் கையில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். பைராம் தோட்டத்துப் பையன், புது மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்.

"தீபாவளிக்கு முன்னால பரிசம். அதோட வேலையை நிப்பாட்டிட வேண்டியதுதான்" என்றார்.

சின்னம்மா எழுந்து நின்றாள்.

"அண்ணே, லைன் லீடர் எடுக்கப் போறாங்க. இந்த மேடையில யாரு நல்லாப் பேசுறாங்கன்னு பார்த்துத்தான் எடுப்பாங்களாம். இது மட்டும் முடியட்டும்."

"மேடையா? பொம்பளப்பிள்ள மைக்கப் பிடிச்சு வெள்ளைக்காரன் முன்னால இங்லீஸ் பேசுறதா? மாலுலா! சிரிப்பானுங்க."

"வெட்கம் என்ன வெட்கம் மச்சான்?" என்று அப்பா இடையில் வந்தார். "நாலு அசைதான்."

மாமா யோசித்தார். அவர் யோசிப்பதும் சத்தமாகவே இருக்கும், மூக்கால் மூச்சு விடுவார். "சரி. பேசட்டும். நானும் வந்து பார்க்கிறேன். ஒருத்தனும் சிரிக்காம இவ கீழ இறங்கிட்டா, நான் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன். இவளா எப்ப கேக்குறாளோ அப்பதான். சிரிச்சானுங்கன்னா, மறுநாளே வேலையை விட்டுடணும்."

"சரிண்ணே" என்றாள் சின்னம்மா.

அதிலிருந்து வீட்டில் ஒரே தட்டுத்தான். சின்னம்மா சோறு வடிக்கும்போது தட்டினாள், துணி காயப்போடும்போது தட்டினாள். நான் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துவைத்துத் தட்டினேன். மூடியில் குதிரைவண்டிப் படம் போட்ட தகர டின் அது. அந்த மாதத்தில் குதிரையின் முகம் நசுங்கிப்போயிற்று. கீழ்வீட்டுச் சீனக் கிழவர் ஒரு நாள் மேலே வந்து, இது எந்தச் சாமிக்கு என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு மாமா வந்து உட்கார்ந்து, எங்கள் தட்டைக் கொஞ்ச நேரம் கேட்டார். வாய் கோணியது. கேலி செய்யத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கோ தாளம் தப்பியதுதான் பொறுக்கவில்லை.

"என்னாலா அடிக்கிறீங்க? நாலும் இல்ல அஞ்சும் இல்ல. மை-கி-ரோ, பி-ரா-செ-சர். ஏழு! தகிட தகதிமி, தகிட தகதிமி. காவடிக்கு அடிக்கிற ஏழு." டின்னை என் மடியிலிருந்து பிடுங்கி ஒரு சுற்று அடித்துக் காட்டினார். பிறகுதான் தான் எந்தக் கட்சி என்பது ஞாபகம் வந்தது. டின்னைக் கீழே வைத்துவிட்டு, "எப்படிச் சொன்னாலும் சிரிக்கத்தான் போறானுங்க" என்று ஃபெர்ரிக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு நானும் சின்னம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மெதுவாக ஏழு தட்டிப் பார்த்தோம். கால் தானாக ஆடியது. ஆனால் ஏழு தப்பு என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பரிசு வாங்கியவள் அல்லவா? "அது தமிழ் வாய்க்கு வர்றது சின்னம்மா. வெள்ளைக்காரனுக்கு அஞ்சுதான். புள்ளியில நிக்கணும்" என்று கண்டித்துவிட்டேன்.

கிலாங்கின் குடும்ப விழாவன்றுதான் போட்டி. கேன்டீன் முழுக்கப் பலூன். எங்கள் கையில் ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தது. கண்ணாடித் தாளில் எழுதிச் சுவரில் படமாகக் காட்டும் ஒரு விளக்குப் பெட்டி, தேனீ மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சட்டைக் கையை மடித்துவிட்ட வெள்ளைக்கார முதலாளி. அவருக்கு இரண்டு பக்கமும் கழுத்துப்பட்டை கட்டிய அதிகாரிகள். குடும்பத்தார் எல்லோரும் பின்னால், மடக்கு இரும்பு நாற்காலிகளில். எனக்கு ஒரு பக்கம் அம்மாவும் அப்பாவும். மறுபக்கம் மாமா, கைகளைக் கட்டிக்கொண்டு.

இரண்டு குழுக்கள் பேசிவிட்டுப் போயின. யாரும் சிரிக்கவில்லை, யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. மூன்றாவதாகச் சின்னம்மாவின் குழு. நாலு வெளிர்நீல மேலங்கிகள். சின்னம்மாவின் தொப்பிக்குக் கீழே மல்லிகைச் சரம் எட்டிப் பார்த்தது.

"குட் மார்னிங் எவ்ரிபடி" என்றாள். கணீரென்று இருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவர் சர்க்கிள் இஸ் ஃப்ரம் த, மை..."

நின்றாள். புள்ளி. நான் வைத்த புள்ளி.

"க்ரோ..."

நின்றாள். அந்த நிறுத்தத்துக்காகவே காத்திருந்தது போல மைக் கீ...ச் என்று ஊளையிட்டது. சின்னம்மா பயந்து அதைத் தள்ளிப் பிடித்தாள். வாய் திறந்திருந்தது, அடுத்தது வரவில்லை. முன்வரிசையில் கழுத்துப்பட்டை ஒன்று பக்கத்துக் கழுத்துப்பட்டையிடம் சாய்ந்து, காக்கையா என்பது போல "க்ரோ?" என்றது. இரண்டு தோள்கள் குலுங்கின.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு "தேமாந்தண்... தேமாந்தண்..." என்று முணுமுணுத்தார். நான் 'ப்ரா' என்று உதட்டை அசைத்துக் காட்டினேன். மேடைக்கும் எங்களுக்கும் நடுவில் இருபது வரிசை இருக்கும். சின்னம்மா மேலங்கியின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

மாமா சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அவர் ஜெயித்தாயிற்று. தோள்கள் இரண்டிலிருந்து நாலாகிக்கொண்டிருந்தன.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. மாமா எழுந்து நின்றிருந்தார். முன்னால் காலியாகக் கிடந்த இரும்பு நாற்காலியின் முதுகில் இரண்டு கையாலும் அடித்தார். தகிட தகதிமி.

"மைகிரோ!" என்றார்.

தைப்பூசத்துக்கு நடந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர். காவடி எடுத்தவர் பாதி வழியில் தள்ளாடினால் கூட வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு பார்க்க மாட்டார்கள் அல்லவா? முன்குரல் எழ வேண்டும், பின்குரல் விழ வேண்டும், அந்தச் சத்தத்தில் அவர் கால் மறுபடி தரையைக் கண்டுபிடிக்க வேண்டும். மாமாவுக்கு அது யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. வீட்டு ஆள் ஒருத்தி நடுவழியில் நிற்கிறாள், அவ்வளவுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"பிராசெசர்!" என்று நானும் அம்மாவும் கத்தினோம். எங்களையறியாமல்தான்.

"மைகிரோ!"

இந்த முறை பக்கவாட்டில் நின்றிருந்த தமிழ்ப் பெண்கள் பதில் கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பாகான் டாலாம். அந்தக் குரலைத் தெரியாதா? மூன்றாவது சுற்றில் மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். என்ன ஏதென்று யாரும் கேட்கவில்லை. ஏழுக்கு அப்படி ஒரு குணம், இடுப்பைப் பிடித்து இழுக்கும். நூற்றுக்கணக்கான கைகள்! கேன்டீன் கூரையின் தகரம் அதிர்ந்தது. ஒரு பலூன் வெடித்தது. என் ஐஸ்கிரீம் யார் முதுகிலோ போய் விழுந்தது, எனக்கு அக்கறையே இல்லை. அப்பாகூட எழுந்து, தன் நாலு அசையைத் துறந்துவிட்டு, ஏழு தட்டிக்கொண்டிருந்தார்!

மேடையில் சின்னம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மைக்கை உதட்டருகே கொண்டுவந்தாள். "மைகிரோ பிராசெசர் செக்‌ஷன்!" என்றாள், ஏழும் ஏழாக, நடுவில் ஒரு புள்ளியும் இல்லாமல். வெள்ளைக்கார முதலாளி மேசையைத் தட்டி எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் கழுத்துப்பட்டைகளும் அவசரமாக எழுந்து கை தட்டின.

பிறகு மற்ற மூவரும் மலாயில் என்னென்னவோ சொன்னார்கள். சுவரில் படங்கள் மாறின. ஒரு படம் மீன் முள் மாதிரி இருந்தது. "கம்ப்யூட்டர் கிலாங்ல எதுக்குலா மீன் முள்ளு?" என்று மாமா கேட்டது மட்டும்தான் எனக்கு ஞாபகம்.

கோப்பை வேறு குழுவுக்குப் போயிற்று. எங்களுக்கு 'நல்ல உற்சாகம்' என்று சொல்லி ஆளுக்கு ஒரு ரைஸ் குக்கர். வெள்ளைக்காரர் பின்வரிசை வரை நடந்து வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வெல்கம், வெல்கம்" என்றார் மாமா, தன் வீட்டுக்கு வந்தவரிடம் சொல்வது போல.

திரும்பும் வழியில் கிலாங் பஸ்ஸில் ஏறியதும் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணே, முன்னால ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்களே. நீங்க சொன்னபடி..."

"யாரு சிரிச்சா? கைதானே தட்டுனானுங்க."

"தோளு குலுங்குச்சே."

"ஏர்கான்லா. குளிரு." மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பைராம் பையனுக்கு ஜாவியில ஒரு பொண்ணு இருக்கு. நான் பேசிக்கிறேன்."

அந்த வருஷம் முழுக்க நான் அவரை எதிரியாகவே வைத்திருந்தேன். மாலு, மாலு என்று அவர் சொன்னதெல்லாம் தன் மானத்தைப் பற்றி என்றே நினைத்தேன். தங்கையைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் தன்னால் தாங்க முடியாது என்று ஒரு பெரிய குரல்காரர் பயந்திருக்கலாம் என்பது எனக்கு வெகு காலம் தோன்றவே இல்லை. அவரும் அதை எங்களிடம் சொல்லவில்லை. பயத்தை மெல்லச் சொல்ல வேண்டும், அவருக்கு மெல்லச் சொல்ல வராது. சின்னம்மா மறுவருஷம் லைன் லீடர் ஆனாள். கல்யாணமும் பிறகு நடந்தது, அவளாகக் கேட்டபோது.

பஸ் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. மாமா ரைஸ் குக்கரை மடியில் வைத்து, அதன் மூடியில் விரலால் ஏழு தட்டிக்கொண்டு வந்தார். திடீரென்று தட்டை நிறுத்திவிட்டு முன் இருக்கையில் இருந்த சின்னம்மாவின் தோளைத் தொட்டார்.

"அது சரி தங்கச்சி. இவ்ளோ கத்துனோமே, அந்த மைகிரோ பிராசெசர் பார்க்க எப்படி இருக்கும்? பெருசா, சின்னதா?"

சின்னம்மா தலையிலிருந்த மல்லிகையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"யாருண்ணே பார்த்தா? எங்ககிட்ட டேப் ஒட்டின பெட்டியாத்தான் வரும். நாங்க மேல லேபல் ஒட்டுறதோட சரி."